எந்த வேரிலிருந்து எண்ணுவது?

தாத்தாவின் கிரயப் பத்திரத்தில் "தென்னார்க்காடு மாவட்டம், திண்டிவனம் வட்டம்" என்று இருக்கும். 1993 செப்டம்பர் 30-ல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் உருவானது. நிலம் ஓர் அடிகூட நகரல. அதன் முகவரிதான் மாறிப்போச்சு. போன மாசம் என் லேப்டாப் கருப்புத் திரையோடு நின்றபோது இந்தப் பத்திரம்தான் ஞாபகம் வந்தது.

என் டிஸ்க்கில் இருப்பது பட்டர்எஃப்எஸ். ஒரே பார்ட்டிஷனுக்குள் பல சப்வால்யூம்கள் வைத்துக்கொள்ளலாம். உபுண்டு வழக்கப்படி என் சிஸ்டம் '@' என்ற சப்வால்யூமில் இருந்தது. அதற்கு '@பழசு' என்று பெயர் மாற்றி, ஒரு ஸ்னாப்ஷாட்டை 'டீஃபால்ட்' ஆக்கினேன். ரீஸ்டார்ட் செய்தால் கிரப், "கோப்பு இல்லை" என்று சொல்லி ரெஸ்க்யூ திரையில் நின்றுவிட்டது.

ஏன்? கொஞ்சம் பின்னால் போகணும். 1990-களின் லிலோ பூட்லோடருக்குப் பாதையே தெரியாது. கெர்னல் டிஸ்க்கில் எந்த பிளாக்குகளில் இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். கெர்னல் மாறினால் லிலோவை மறுபடி ஓட்டணும். 1995-ல் எரிக் போலின் தொடங்கிய கிரப், ஃபைல்சிஸ்டத்தைத் தானே படித்துப் பெயரைத் தேடியது. பெரிய விடுதலை அது.

2009-ல் லினக்ஸ் 2.6.29-ல் பட்டர்எஃப்எஸ் சேர்ந்தபின் புதுச் சிக்கல் வந்தது: '/' என்றால் எது? கெர்னலுக்கு அது மவுண்ட் ஆன சப்வால்யூம். கிரப்புக்கோ எப்போதும் உச்சி வேர், அதாவது 5-ஆம் எண் சப்வால்யூம். டீஃபால்ட்டை அது கண்டுகொள்வதில்லை. அதனால் நமக்கு '/பூட்' என்பது அதற்கு '/@/பூட்'. இந்த முன்னொட்டு கிரப்பை நிறுவும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. ஓப்பன்சூசே மட்டும் டீஃபால்ட்டிலிருந்து எண்ணும்படி கிரப்பில் தனித் திருத்தம் சேர்த்திருக்கிறது.

உள்ளூர்க்காரர் "திண்டிவனம்" என்றாலே போதும். மேலிருந்து இறங்கி வருகிறவர் "தென்னார்க்காடு" எங்கே என்று தேடி அங்கேயே நிற்பார். கிரப் அப்படித்தான்.

விழுப்புரத்து நண்பரிடம் லைவ் பென்டிரைவ் வாங்கி வந்து, ஸ்னாப்ஷாட்டுக்கு '@' என்று பெயர் வைத்தேன். எழுந்துகொண்டது. ஒரு பைட்டும் தொலையவில்லை. நிலம் மாதிரியே எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தது.