வழக்கம் என்ற சொல் நீதிமன்றம் ஏறிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு காதுகுத்து விசேஷத்தில், சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பழைய ஊர்க் கிணறுகளுக்கு வந்தது. எங்கள் அப்பத்தா காலத்தில் சேரியிலிருந்து வரும் பெண்கள் கிணற்றடியிலிருந்து எட்டி நிற்பார்கள். நம் வீட்டு ஆள் யாராவது இறைத்து ஊற்றினால்தான் தண்ணீர். ஊற்ற ஆள் வரும்வரை வெயிலில் நிற்க வேண்டும். சிறுவனாக நானே ஊற்றியிருக்கிறேன். இதைச் சொன்னதும் உறவுக்காரர் ஒருவர், "அது அந்தக் காலத்து வழக்கம்ப்பா. அதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது" என்றார். விசேஷ வீட்டில் விவாதம் எதற்கு என்று நான் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்துவிட்டேன். ஆனால் அந்தச் சொல்லைப் பற்றி எழுதத்தான் வேண்டும். தமிழில் வழக்கு என்றால் நடைமுறை என்றும் பொருள், கோர்ட்டு வியாஜ்ஜியம் என்றும் பொருள். அந்த இரண்டு பொருளும் ஒரே குளக்கரையில் மோதிய கதை ஒன்று இருக்கிறது.

'மகத் சத்தியாகிரகம், 1927'. என்னிடம் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். பாடப்புத்தகத்தில் ஒரு வரி, தேர்வில் ஒரு மதிப்பெண். பலரும் அதோடு விட்டுவிடுகிறோம்.

மகத் என்பது பம்பாய்க்குத் தெற்கே, கொங்கணப் பகுதியில் உள்ள சிறிய ஊர். அப்போது கொலாபா மாவட்டம், இப்போது ராய்காட். ஊருக்கு நடுவே ஒரு பெரிய குளம். பெயர் சவுதார். மராத்தியில் அந்தச் சொல்லுக்குச் சுவையானது என்று பொருள். குளத்தைச் சுற்றித் தெரு, தெருவை ஒட்டி வீடுகள். சாதி இந்துக்கள் அங்கே தண்ணீர் எடுத்தார்கள். முஸ்லிம்கள் எடுத்தார்கள். ஆடுமாடுகள் குடித்தன. மகர் முதலிய 'தீண்டத்தகாதவர்' என ஒதுக்கப்பட்ட மக்கள் மட்டும் கிட்டே போகக்கூடாது.

1923 ஆகஸ்ட் 4 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் சீதாராம் கேசவ் போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கும் கிணறு, குளம், சத்திரம், பள்ளிக்கூடம், நீதிமன்றம், மருந்தகம் எல்லாம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. 1924 ஜனவரியில் மகத் நகராட்சியும் தன் பங்குக்குக் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் எல்லாம் சரி. மூன்று ஆண்டுகள் ஒருவரும் அந்தக் குளத்தில் இறங்கவில்லை. இறங்கினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதே 1924-ல் நம் சென்னைச் சட்டமன்றத்திலும் கிட்டத்தட்ட இதே தீர்மானம் நிறைவேறியது என்பதைப் பலர் அறிவதில்லை. கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எதிலும் எவரையும் தடுக்கக்கூடாது என்றது தீர்மானம். அரசாணையும் வந்தது. எங்கள் அப்பத்தா வீட்டுக் கிணறு கதை அதற்குப் பல ஆண்டுகள் கழித்து நடந்தது. அது தனியார் கிணறு என்று யாராவது சொல்லக்கூடும், சரிதான். ஊர்ப் பொதுக்கிணற்றிலும் அவர்கள் இறைக்க முடியாததால்தானே எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள்?

மகத்துக்கு வருவோம். 1927 மார்ச் 19, 20 தேதிகளில் அங்கே ஒரு மாநாடு. பக்கத்து ஊர்க்காரரான ஆர். பி. மோரே என்ற இளைஞர் முன்னின்று ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர். தலைமை டாக்டர் அம்பேத்கர். அப்போது அவருக்கு 35 வயது. மாநாட்டுக்கு வந்தவர்கள் குடிக்க, சாதி இந்துக்களிடம் 40 ரூபாய்க்குத் தண்ணீர் விலைக்கு வாங்கினார்கள். குளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, நகராட்சித் தீர்மானம் கையில் இருக்கிறது, தண்ணீருக்கு 40 ரூபாய்! 1927-ல் அது என்ன தொகை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் நாள் எல்லோரும் வரிசையாக நடந்து குளத்துக்குப் போனார்கள். அம்பேத்கர் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். பிறகு மற்றவர்கள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு கல் எறியவில்லை, ஒரு கோஷம் தவறாகப் போகவில்லை.

சற்று நேரத்தில், அடுத்து வீரேஸ்வரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று ஊருக்குள் புரளி கிளம்பியது. தடிகளோடு ஒரு கூட்டம் மாநாட்டுப் பந்தலுக்குள் புகுந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் அடித்தது. வந்திருந்தவர்களில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர். திருப்பி அடிக்கக் கை துறுதுறுத்தது. அம்பேத்கர் வேண்டாம் என்றார், கட்டுப்பட்டார்கள். என் வாசிப்பில் அன்றைய நாளின் பெரிய செய்தி இதுதான். தண்ணீர் குடித்ததைவிட இது கடினமான காரியம்.

பின்பு குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். 108 மண்பானைகள், பால், தயிர், சாணம், கோமியம், மந்திரம். மாடு குடித்தபோது கெடாத தண்ணீர், பாரிஸ்டர் பட்டமும் லண்டன் டாக்டர் பட்டமும் பெற்ற ஒரு மனிதர் குடித்தபோது கெட்டுவிட்டது. இதற்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

1927 ஆகஸ்ட் 4 அன்று நகராட்சி தன் பழைய தீர்மானத்தை ரத்து செய்தது. போலே தீர்மானம் வந்து சரியாக நான்கு ஆண்டுகள், அதே தேதி. டிசம்பர் 25-ல் மறுபடி கூடுவது என்று அம்பேத்கர் அறிவித்தார். இந்த முறை எதிர்த்தரப்பு தடியை எடுக்கவில்லை, நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பர் 12-ல் வழக்கு, 14-ல் இடைக்காலத் தடை. அம்பேத்கரும் அவருடைய தோழர்களும், தீண்டத்தகாதவர் எனப்பட்ட வேறு எவரும், குளத்துக்குப் போகவோ நீர் எடுக்கவோ கூடாது.

இரண்டாவது மாநாட்டுக்கு ஊரில் இந்துக்கள் யாரும் இடம் தரவில்லை. ஒரு முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் வந்துவிட்டார்கள், தடையை மீறச் சிறைக்குப் போகவும் தயார் என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். மாவட்டக் கலெக்டர் நேரில் வந்து பேசினார். அம்பேத்கர் யோசித்து, குளத்தைச் சுற்றி ஊர்வலம் மட்டும் போகலாம், இறங்க வேண்டாம் என்று முடிவெடுத்தார். (மனுஸ்மிருதியை எரித்தது இந்த மாநாட்டில்தான், டிசம்பர் 25 இரவு. தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தே ஒரு பிராமணர். இது தனிப்பதிவுக்கான விஷயம்.)

அந்த முடிவை அன்றும் பலர் குறை சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். காந்தி வழியில் சட்டத்தை மீறியிருக்க வேண்டாமா என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காந்தி மீறியது வெளிநாட்டு அரசின் சட்டத்தை. இங்கே எதிரி பக்கத்து வீட்டுக்காரன். அரசையும் எதிர்த்து, ஊரையும் எதிர்த்து ஒரே நேரத்தில் நிற்க அந்த ஏழை மக்களிடம் என்ன இருந்தது? அவரே வக்கீல். அந்த மேடையிலேயே வென்று காட்டுவது என்று நினைத்திருக்கலாம். தடை 1928 பிப்ரவரியில் நீங்கியது. மூல வழக்கு முடியத்தான் நெடுநாள் ஆயிற்று.

வழக்கில் வாதிகள் சொன்னவை இரண்டு. ஒன்று, குளம் எங்களுக்குச் சொந்தம். இரண்டு, எங்களுக்குச் சொந்தமில்லை என்றாலும், தீண்டத்தகாதவர்களை விலக்கி நாங்கள் மட்டும் பயன்படுத்துவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். வழக்கத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

இந்த இரண்டாவது வாதத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் ஒரு முறை அது ஜெயித்தே இருக்கிறது. ராமநாதபுரம் பக்கம் கமுதியில் 1897-ல் நாடார் சமூகத்தினர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். வழக்கு மதுரையில் தொடங்கி, சென்னை உயர்நீதிமன்றம் போய், லண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறியது. 1908-ல் அங்கே வந்த தீர்ப்பு, அவர்களுக்கு அந்தக் கோயிலில் நுழையும் உரிமை வழக்கப்படி இல்லை என்றது. உலகத்தின் பாதியை ஆண்ட பேரரசின் உச்ச நீதிபதிகள் கமுதி வழக்கத்துக்கு முத்திரை குத்தினார்கள். பிரிட்டிஷ்காரன் நீதி வழங்கினான் என்று பேசுகிற நண்பர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

மகத் வழக்கில் 1931-ல் கீழ் நீதிமன்றம் வாதிகளைத் தோற்கடித்தது. குளம் நகராட்சிக்கு உரியது என்று முடிவாயிற்று. மேல்முறையீடு 1933-ல் தள்ளுபடி. பிறகு பம்பாய் உயர்நீதிமன்றம். 1937 மார்ச் 17 அன்று இறுதித் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி புரூம்ஃபீல்டு. 1922-ல் அகமதாபாத்தில் காந்திக்கு ஆறு ஆண்டு சிறை விதித்த அதே புரூம்ஃபீல்டுதான். வாதிகள் சொல்லும் வழக்கம் நினைவுக்கெட்டாத காலம் முதல் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை, ஆகவே மேல்முறையீடு தள்ளுபடி என்றார்.

அம்பேத்கர் ஜெயித்தார். ஒரு கை தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள்.

ஆனால் தீர்ப்பை நிதானமாகப் பாருங்கள். அந்த வழக்கம் தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அதன் தொன்மைக்குச் சாட்சி போதவில்லை என்றுதான் சொன்னது. நன்றாக ஆவணம் வைத்திருக்கும் வேறோர் ஊரில் வேறு தீர்ப்பு வந்திருக்கலாம் அல்லவா? ஒரு குளத்துக்கு ஒரு வழக்கு, ஒவ்வொன்றுக்கும் பத்து ஆண்டுகள் என்றால் இந்தியாவில் எத்தனை குளம், எத்தனை கிணறு!

இந்த ஓட்டையை அடைக்கும் வேலை பிறகுதான் நடந்தது. சென்னை மாகாணத்தில் எம். சி. ராஜா முன்னெடுத்த 1938-ம் ஆண்டுச் சட்டம் பொது இடங்களில் தடுப்பதையே குற்றமாக்கியது. மறு ஆண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார், அதற்கும் சட்டப் பாதுகாப்பு வந்தது. கடைசியில் அரசியலமைப்பு. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்ததை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வீர்கள். அதற்கு இரண்டு பிரிவு முன்னால் போய் 15-ன் இரண்டாம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். கடை, உணவகம் என்று தொடங்கி, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கும். ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் கிணறும் படித்துறையும் எதற்கு என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. சவுதார் குளக்கரையில் நின்றவர்தான் வரைவுக் குழுவின் தலைவர். மகத்தில் எதிர்த்தரப்பு கையில் எடுத்த 'வழக்கம்' என்ற ஆயுதத்தை 13-வது பிரிவு பார்த்துக்கொண்டது. அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் செல்லாது என்று சொல்லி, சட்டம் என்ற சொல்லுக்குள் வழக்கத்தையும் வழக்காற்றையும் அடக்கிவிட்டது.

இனி ஒருவர் நீதிமன்றத்தில் ஆயிரம் ஆண்டுச் சான்றைக் கொண்டுவந்து வைத்தாலும் பயனில்லை. 1937-க்கும் 1950-க்கும் உள்ள வித்தியாசம் அதுதான். விசேஷ வீட்டில் பேசிய என் உறவினருக்கும் இதையே பதிலாகச் சொல்வேன்.

அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. கர்நாடகத்தில் ஒரு கிராமத்தில் புதிதாகப் போட்ட போர்வெல்லில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களைச் சாதி சொல்லித் தடுத்த வழக்கு, உச்சநீதிமன்றம் வரை போய் 1992 டிசம்பரில் முடிந்தது. உயர்நீதிமன்றம் விடுவித்தவர்களை உச்சநீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. கவனியுங்கள், அது புதிய போர்வெல். தொன்றுதொட்டு என்று சொல்ல அதற்கு வயதே ஆகவில்லை.

என் மாணவர்களில் கிராம நிர்வாக அலுவலர், சர்வேயர், வக்கீல் எல்லாம் இருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பழைய கிணறும் ஊருணியும் பதிவேட்டில் யார் பெயரில், என்ன வகைப்பாட்டில் இருந்தன என்று பார்த்து எழுதுங்கள். அவற்றில் யார் இறைத்தார்கள், யார் எட்டி நின்றார்கள் என்பதை உங்கள் வீட்டில் எண்பது வயது தாண்டியவர்களிடம் கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றி என் பெரியம்மாவிடம் நான் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பதிகிறேன்.