அத்தை சொல்லாத நோய்

எங்கள் திருவெள்ளறையில் நாலுமூலைக் கேணி இருக்கிறது. பல்லவன் தந்திவர்மன் காலத்தில் ஸ்வஸ்திக் வடிவில் வெட்டியது. ஒரு துறையில் இருப்பவரை மற்ற துறைகளில் இருப்பவர் பார்க்க முடியாது என்பார்கள். என் பெரிய அத்தை உடம்பு விஷயத்தில் அந்தக் கேணி மாதிரிதான். தூரம் நின்று பத்து வருஷம் கழித்து மறுபடி உதிரம் கண்டபோது யாரிடமும் சொல்லவில்லை. துணியைத் தானே துவைத்துக் கொல்லைக் கோடியில் உலர்த்தினாள். இடுப்பு வலி தாங்காமல் டாக்டரிடம் போனபோது கருப்பைவாய்ப் புற்று முற்றியிருந்தது. அது 1972. புதுக்கோட்டைக்காரரான முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அடையாற்றில் 1954-லேயே ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார். அத்தை வாயைத் திறந்திருந்தால் போயிருக்கலாம்.

இந்த நோயின் கதையை நான் ரிட்டயர் ஆன பிறகுதான் படித்தேன். 1892-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் டோடர்லைன் என்ற மருத்துவர் பிரசவ ஜன்னியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆரோக்கியமான பெண்களின் பிறப்புறுப்பு நீரில் குச்சி வடிவ பாக்டீரியாக்கள் நிறைய இருப்பதைப் பார்த்தார். தயிரைப் புளிக்கவைக்கிறதே, அதே லாக்டோபேசிலஸ் குடும்பம். அவை சுரக்கும் லாக்டிக் அமிலம் கெட்ட கிருமிகளை அண்டவிடாது. கிருமி என்றாலே கெட்டது என்று இருந்த காலத்தில் இது பெரிய விஷயம்.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 1983-ல் ஹரால்ட் சுர் ஹவுசன் கருப்பைவாய்ப் புற்றில் ஹெச்.பி.வி. 16 என்ற வைரஸைக் கண்டுபிடித்தார். 2008-ல் நோபல் பரிசு வாங்கினார். ஆனால் அந்த வைரஸ் தொற்றும் பெண்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு வருஷத்தில் தானாகவே போய்விடுகிறது. சிலருக்கு மட்டும் தங்கிவிடுகிறது. ஏன்? நோய் எதிர்ப்புச் சக்தி, புகைபிடித்தல் என்று காரணங்கள் பல. இந்த இருபது வருஷத்தில் டோடர்லைனின் பாக்டீரியாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. லாக்டோபேசிலஸ் குறைந்து வேறு கிருமிகள் பெருகிய பெண்களிடம் வைரஸ் அதிகம் தங்குகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த மாற்றம் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பது இன்னும் தீரவில்லை. தூரம் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இந்த நல்ல பாக்டீரியாக்களும் குறையும். அது வயதின் இயல்பு, வியாதி இல்லை.

இதைப் படித்துவிட்டுத் தயிர்சாதமே மருந்து என்று யாரும் கிளம்ப வேண்டாம். தயிரில் இருக்கும் இனங்கள் வேறு. சோப்பு, டெட்டால் போட்டு உள்ளே கழுவுவதும் இருக்கிற காவலை விரட்டுகிற வேலைதான்.

கிருமி ஆராய்ச்சி அதன் வழியில் நடக்கட்டும். உயிரைக் காப்பாற்றிய விஷயம் நம் பக்கத்திலேயே நடந்தது. ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கை என்ற ஊர். அங்குள்ள கிறிஸ்தவ ஆஸ்பத்திரியும் அடையாறு நிறுவனமும் பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2000-ல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு சோதனையைத் தொடங்கின. முன்னின்றவர் டாக்டர் ரெ. சங்கரநாராயணன். பயிற்சி பெற்ற நர்ஸுகள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, நம் வினிகர்தான், தடவி ஒரு நிமிஷம் காத்திருந்து பார்ப்பார்கள். கெடத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டால் அங்கேயே குளிரால் உறையவைத்து அழித்துவிடுவார்கள்.

30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களைக் கூப்பிட்டார்கள். 31,343 பேர் வந்தார்கள். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. கூப்பிடாத கிராமங்களோடு ஒப்பிட்டால் இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய எந்திரம் இல்லை, லேப் இல்லை. ஒரு பாட்டில் வினிகர், டார்ச் வெளிச்சம் மாதிரி ஒரு விளக்கு. வராத பதினெட்டாயிரம் பேரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் எத்தனை பேர் என் அத்தை மாதிரியோ.

பிறகு தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு முன்னோட்டமாகச் செய்து, மாநிலம் முழுக்க விரித்தது. இப்போது அரசு ஆஸ்பத்திரிகளில் 30 வயதான பெண்களுக்கு இலவசம்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு வினிகர் சோதனை அவ்வளவாகச் சரிப்படாது. பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஏறிவிடுமாம். பாப் சோதனையோ ஹெச்.பி.வி. சோதனையோ செய்ய வேண்டும். அறுபத்தாறு வயது வரை நான் ஒரு தடவைகூடச் செய்துகொண்டதில்லை. போன மாதம் மருமகள் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.