மூணு சக்கர ஹோண்டாவும் ரெண்டு பவுண்டு காத்தும்

பழைய வண்டிக்கு டயர் மாத்தணும்னா என்ன செய்வோம்? அதே சைஸ்ல, முன்னதைவிடக் கொஞ்சம் கெட்டியா ஒண்ணு பார்த்து வாங்குவோம். காருக்கு ஓகே. ஆனா 1970, 80களில் அமெரிக்காவில் ஓடின ஹோண்டாவின் மூணு சக்கர ஏடிவிக்கு (மணல், சேறு, பனி எல்லாத்துலயும் ஓட்டுற, ஹேண்டில்பார் வச்ச குண்டு டயர் வண்டி) அந்த 'கெட்டி'தான் பிரச்சினையே. கூட வேலை பார்க்கிற ஒருத்தர் அவர் அப்பாவோட ஏடிசி 110ஐத் தூசி தட்டி எடுத்து வச்சுக்கிட்டு, "நீ மெக்கானிக்கல்தானே படிச்சே, எந்த டயர் போடலாம்?"னு கேட்டார். மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா அடிக்கிறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது :-) தேடப் போய் வரலாற்றுல விழுந்துட்டேன்.

காத்தைக் குறைச்சா வண்டி மணல்ல புதையாதுங்கறது பழைய விஷயம். 1920களின் கடைசியில் ரால்ஃப் பேக்னால்டுங்கற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எகிப்துலேர்ந்து லிபியப் பாலைவனத்துக்கு ஃபோர்டு கார்களை ஓட்டிட்டுப் போனார். டயர் காத்தை இறக்கிட்டு மணல்மேடு ஏறுவது அவர் கூட்டத்தோட முக்கியமான வித்தை. 1950களின் தொடக்கத்தில் வில்லியம் ஆல்பீங்கறவர் 'ரோலிகான்'னு உருளை மாதிரி பெரிய காத்துப்பை ஒண்ணைக் கொண்டுவந்தார். அலாஸ்காவில் எஸ்கிமோ மக்கள் சீல் தோல்ல காத்து ஊதி, அதுமேல படகை உருட்டிக் கரையேத்தினதைப் பார்த்து வந்த யோசனை அது. அடுத்த வீட்டுக்காரன் கண்டுபிடிச்சதுக்கு நாம பேட்டன்ட் வாங்கறது ஒண்ணும் புதுசில்லை, அதை விடுங்க.

ஹோண்டா கதை 1967ல ஆரம்பிக்குது. பனிக்காலத்துல அமெரிக்காவுல யாரும் பைக் வாங்க மாட்டாங்க, டீலருங்க ஈ ஓட்டிக்கிட்டிருந்தாங்க. குளிர்லயும் விக்கற மாதிரி ஏதாவது குடுங்கன்னு அமெரிக்க ஹோண்டா ஜப்பானைக் கேட்டுது. ஒசாமு டகேயுச்சிங்கற இன்ஜினியர் கையில வேலை வந்தது. சக்கர எண்ணிக்கையை மாத்தி மாத்தி என்னென்னவோ செஞ்சு பார்த்தார். பனியிலயும் சேத்துலயும் மூணு சக்கரம்தான் சரியா வந்தது, ஆனா டயர் அமையலை. அப்போ கண்ணுல பட்டதுதான் 'ஆம்ஃபிகேட்'னு ஆறு சக்கர, தண்ணியிலயும் போற வண்டி. அதுல இருந்த 20 இஞ்ச் பலூன் டயரைப் பார்த்ததும் வழி பிறந்தது. கடைசியில 22 இஞ்ச் டயரோட, 1970ல யுஎஸ் 90 வெளியே வந்தது. 89 சிசி, விலை 595 டாலர். அப்புறம் பேர் ஏடிசி 90னு மாறிச்சு. 1971ல வந்த 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்'ல ஜேம்ஸ் பாண்டே ஒண்ணைப் பிடுங்கி ஓட்டுவார்.

இந்த வண்டியில ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது. குழியில விழுந்தா உங்க முதுகுக்கும் பூமிக்கும் நடுவுல இருக்கறது டயர் மட்டும்தான். அதாவது டயர்தான் சஸ்பென்ஷன். கார் டயர்ல 30 பவுண்டு காத்துன்னா இதுல ரெண்டு பவுண்டு சுமார்! 1979லேர்ந்து 85 வரைக்கும் வந்த ஏடிசி 110ம் இதே ஜாதி. மூணு சக்கரத்துக்கும் 22×11-8 டயர். இஞ்ச் கணக்குல உயரம், அகலம், ரிம்.

இன்னொண்ணு, பின்னாடி ரெண்டு சக்கரமும் ஒரே அச்சுல இறுக்கினது, டிஃபரன்ஷியல் கிடையாது. திரும்பும்போது உள்பக்க சக்கரம் கொஞ்சம் வழுக்கியே ஆகணும், இல்லேன்னா வண்டி நேரா போகும். அதுக்காக ஓட்டறவர் உடம்பை உள்பக்கம் சாய்ச்சு, எடையை வெளிப்பக்க மிதியில வைக்கணும். இதைக் கத்துக்காம ஏறி உட்கார்ந்தவங்க கவிழ்ந்தாங்க. நிறைய பேர் செத்தாங்க, அதுல குழந்தைங்க அதிகம். 1988ல அமெரிக்க அரசோட நீதிமன்றத்துல ஒப்பந்தம் போட்டு கம்பெனிகள் புது மூணு சக்கர விற்பனையை நிறுத்துச்சு. 2008ல சட்டமே வந்து தடை பண்ணிடுச்சு. ஆனா ஏற்கனவே வித்த வண்டியை யாரும் திரும்ப வாங்கிக்கலை. அதனாலதான் கிட்டத்தட்ட 40 வருஷம் கழிச்சும் ஒருத்தர் கொட்டகையில ஒண்ணு கிடக்கு, அதுக்கு டயர் வேணும்.

இன்னிக்குக் கடையில கிடைக்கறதுல பாதி, சஸ்பென்ஷன் உள்ள கனமான நாலு சக்கர ஏடிவிக்காகச் செஞ்சது. ஆறு ப்ளை, கல்லு மாதிரி பக்கச்சுவர், சேத்துல கடிச்சுப் பிடிக்கிற பெரிய பெரிய பல்லு. பஞ்சர் ஆகாது, உண்மைதான். ஆனா ரெண்டு பவுண்டுல அந்தச் சுவர் மடங்காது, அடி எல்லாம் நேரா முதுகுக்கு. அந்தப் பல்லு வழுக்கவும் விடாது, வழுக்காத டயர் இந்த வண்டியைத் திரும்ப விடாது. "பெருசா 25 இஞ்ச் போட்டா கெத்தா இருக்குமே"ன்னார் நண்பர். கெத்தாதான் இருக்கும். வண்டி ஒன்றரை இஞ்ச் மேல ஏறும், அகலம் அப்படியே நிக்கும், இன்னும் சுலபமா கவிழும். சுற்றளவு சுமார் 14 சதம் கூடறதால அந்தக் குட்டி 105 சிசி இன்ஜினுக்கு மேட்டுல மூச்சு வாங்கும்.

நான் சொன்னது இதுதான்: 22×11-8, ரெண்டு ப்ளை, சின்னச் சின்னக் குமிழ் பட்டன். பின்னாடி ரெண்டையும் ஒரே நேரத்துல, ஒரே மாடல்ல மாத்தணும். ஒரே அச்சுங்கறதால ஒண்ணு புதுசு ஒண்ணு தேஞ்சதுன்னா வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பழைய டயர்ல பட்டன் தேயாம அழகா இருந்தாலும் பக்கச்சுவரை மடக்கிப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா தூக்கிப் போடுங்க.

காத்து அளக்க சாதாரண கேஜ் உதவாது. அரை பவுண்டு தப்பானா கால் பங்கு தப்பு, அதனால குறைந்த அழுத்தத்துக்குன்னு விக்கறதை வாங்கணும். அதோட, 20 டிகிரி சூட்டுல இருக்கற ஷெட்டுல ரெண்டு பவுண்டு அடிச்சுட்டு பூஜ்ஜியம் டிகிரி பனிக்கு வண்டியை இறக்கினா, பிளஸ் டூ வாயு விதிப்படி போட்டாலே (டயர் சுருங்கறதைக் கணக்குல எடுக்காம) கேஜ்ல ஒரு பவுண்டுகூட நிக்காது. அதனால வண்டியை வெளியே ஒரு மணி நேரம் நிறுத்தி வச்சுட்டு, அப்புறமா காத்து அடிக்கச் சொல்லியிருக்கேன்.