ஃபாதர் ஆகலாமா? அந்த முடிவை எடுப்பது யார்?

செலாயாங்கில் வசிக்கிறீர்கள், வயது 23, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது, ‘நாமும் ஃபாதர் ஆனால் என்ன?’ என்று தோன்றுகிறது. ஒரு வாரத்தில் போய்விடும் என்று நினைத்தீர்கள். போகவில்லை.

கத்தோலிக்கர்கள் இதை இறையழைத்தல் என்கிறார்கள். ஆனால் நினைப்பு வந்துவிட்டால் மட்டும் அழைப்பு உறுதியாகிவிடாது. அது உண்மைதானா என்று உங்களோடு சேர்ந்து திருச்சபையும் பல ஆண்டுகள் சோதித்துப் பார்க்கும்.

குரல் ஏதாவது கேட்குமா?

பெரும்பாலும் கேட்காது. 1521இல் போரில் கால் முறிந்து படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார் ஒன்றைக் கவனித்தார். வீரதீரக் கனவுகள் அந்த நேரம் இனித்தன, பிறகு மனம் வறண்டுபோனது. புனிதர்களைப் போல வாழலாம் என்ற எண்ணம் தந்த மகிழ்ச்சியோ அப்படியே தங்கியது. ‘தெளிந்து தேர்தல்’ என்று இன்று சொல்லப்படும் முறைக்கு இந்த அனுபவம் முக்கியமான அடிப்படை. காதல் முறிந்த மறுவாரம் வந்த ஆசை, எல்லாம் நல்லபடியாக இருக்கும்போதும் நிற்கிறதா? இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வயது தாண்டிவிட்டதா?

கவலை வேண்டாம். மலேசியாவின் முதல் கர்தினால் சோட்டர் ஃபெர்னாண்டஸ், மருத்துவமனை உதவியாளராக வேலை பார்த்த பிறகே குருமடம் சென்றார். இன்றைய கோலாலம்பூர் பேராயர் ஜூலியன் லியாவ் கட்டுமானத் துறையிலிருந்து வந்தவர். குருப்பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 38.

முதல் படி, உங்கள் பங்குத்தந்தையிடம் பேசுவது. பேசியதாலேயே எதற்கும் கட்டுப்பட்டுவிட மாட்டீர்கள். தயாரிப்புக் காலம், இரண்டு ஆண்டு மெய்யியல், நான்கு ஆண்டு இறையியல் என்று எல்லாம் சேர்த்தால் குறைந்தது ஏழு ஆண்டுகள் ஆகும். உளவியல் பரிசோதனையும் இருக்கலாம், ஆனால் உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது.

தீபகற்ப மலேசியாவுக்கான குருமடம் பினாங்கில் உள்ள காலேஜ் ஜெனரல். 1665இல் சயாமின் அயுத்தயாவில் தொடங்கிய இது, போர்களால் இடம் மாறி மாறி, புதுச்சேரி அருகே வீராம்பட்டினத்திலும் சில ஆண்டுகள் இயங்கியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பினாங்குக்கு வந்தது.

படித்து முடித்தபின் செலாயாங்கிலேயே இருக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கோலாலம்பூர் உயர்மறைமாவட்டம் நெகிரி செம்பிலான், பகாங், திரங்கானு வரை நீள்கிறது. பேராயர் அனுப்பும் இடத்துக்குப் போக வேண்டும்.

வீட்டில் என்ன சொல்வார்கள்?

உண்மையில் கஷ்டமான இடம் இதுதான். “ஒரே பையன், எங்களை யார் பார்ப்பா?” என்று அம்மா அழலாம். பேரப்பிள்ளை ஆசை, வீட்டுக் கடன், சொந்தக்காரர்களின் கேள்விகள் எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்கும். இவை நியாயமான கேள்விகள். பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் கொடுங்கள், உங்களுக்கும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. “குழந்தை பிழைத்தால் சாமிக்கே கொடுத்துவிடுகிறேன்” என்று நேர்ந்துகொண்ட வீடுகள் நம்மிடையே உண்டு. அந்த நேர்ச்சையைக் கேட்டே வளர்ந்த பையனுக்கு ‘வேணாம்’ என்று சொல்ல வாய் வராது. என்னைக் கேட்டால், அழுது தடுப்பதைவிட இந்த அழுத்தம்தான் ஆபத்தானது, ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்க பக்தி மாதிரியே இருக்கும்.

திருச்சபைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் குருப்பட்டம் பெறக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது 1026ஆம் விதி. பட்டம் பெறும் முன், ‘சுதந்திரமாகவே இதை ஏற்கிறேன்’ என்று சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது 1036ஆம் விதி. அம்மாவின் நேர்ச்சை அந்தத் தாளில் செல்லாது.

பாதியில் விட்டுவிட்டால்?

‘குருமடத்திலிருந்து ஓடி வந்தவன்’ என்று ஊர் பேசும். ஆனால் குருமடம் என்பதே தேர்ந்தெடுக்கும் காலம். ‘இது எனக்கில்லை’ என்று கண்டுபிடித்து வெளியேறுவதும் ஒரு முடிவுதான். ‘நீங்கள் இதற்குப் பொருந்தவில்லை’ என்று குருமடமே சொல்லவும் கூடும்.

கவனிக்க வேண்டிய எல்லைக்கோடு திருத்தொண்டர் பட்டம். மணமாகாமல் வாழ்வதாக அங்கேதான் வாக்குக் கொடுக்கிறீர்கள். அதற்கு முன் வெளியேறினால் திருமணத்துக்குத் தடையில்லை. அதற்குப் பிறகு அந்த வாக்கிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் போப்பாண்டவருக்கு மட்டுமே உண்டு.