முள் இழந்த முட்புழு: சென்னை மணலிலிருந்து ஒரு வகைப்பாட்டு வரலாறு

கடற்கரையில் ஒரு கைப்பிடி மணலை அள்ளி, கடல்நீரில் கலக்கி, மெல்லிய வலையில் வடித்து நுண்ணோக்கியில் நோக்கினால், மணற்பருக்கைகளின் இடுக்கிலேயே வாழ்நாளைக் கழிக்கும் புழுக்கள் தென்படும். அவற்றுட் பல பாலிகீட்டா எனப்படும் முட்புழுக்கள். கண்டங்களாலான உடல், கண்டந்தோறும் ஓரிணைப் பக்கக்கால்கள், அவற்றில் கைட்டினாலான நுண்முட்கள் ஆகியவை இவ்வகுப்பின் பொது அடையாளங்கள். மணலிடுக்கில் வாழ்வன பலவற்றில் இவ்வடையாளங்கள் குன்றியோ மறைந்தோ காணப்படுகின்றன.

இந்த இன்மைக்கு என்ன பொருள்? 1878இல் ஹாட்செக், பாலிகோர்டியஸ் போன்ற எளிய அமைப்புடைய புழுக்களை 'ஆர்க்கியானெலிடா', அதாவது தொல்வளையப் புழுக்கள், எனத் தனிக்குழுவாக்கினார். எளிமையே தொன்மையின் சான்று என்பது அதன் அடிப்படை. அக்கருத்து பல பத்தாண்டுகள் பாடநூல்களில் நிலைபெற்றது.

சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆர். கோபால ஐயரும் கே. எச். அலிகுன்ஹியும் 1940இல் சென்னைக் கடற்கரை மணலிலிருந்து ஒரு புதிய புழுவை விவரித்து, 'பிசியொனெல்லா இண்டிகா' எனப் பெயரிட்டனர். 'பிசியொனெல்லா' என்னும் பெயரை ஓல்கா ஹார்ட்மன் 1939இலேயே வேறொரு பேரினத்திற்குச் சூட்டியிருந்தார். விலங்குகளில் இரு பேரினங்கள் ஒரே பெயரைத் தாங்கலாகாது. எனவே 1943இல் அவ்விருவருமே தம் பேரினத்தை 'பிசியோனிடென்ஸ்' என மாற்றினர்.

வளர்ந்த பிசியோனிடென்ஸில் வெளியே நீளும் நுண்முட்கள் இல்லை. பக்கக்காலை உள்ளிருந்து தாங்கும் ஊசி மட்டும் எஞ்சியுள்ளது. வெளித்தள்ளக்கூடிய தொண்டையில் ஈரிணைத் தாடைகள் உண்டு. ஆணுக்குச் சிக்கலான புணர்ச்சி உறுப்புகளும் உண்டு. ஓர் உறுப்பு குன்ற, மற்றொன்று நுட்பமாக வளர்ந்திருக்கும் இவ்வுடலைத் தொன்மையானது என்று சொல்லிவிட இயலாது.

1969இல் ஹெர்மன்ஸ், ஆர்க்கியானெலிடா ஒரே மூதாதை வழிவந்த இயற்கைக் குழு அன்று என வாதிட்டார். வெவ்வேறு குடிவழிகள் மணலிடுக்கு வாழ்வுக்கேற்பச் சிறுத்து எளிமையுற்றன என்னும் கருத்து பின்னர் வலுப்பெற்றது. 2005இல் வெளியான மரபணு ஆய்வொன்று, பிசியோனிட் புழுக்களைச் செதிற்புழுக்களின் நடுவே, சிகாலியோனிடே குடும்பத்திற்குள் வைத்தது. அதாவது, இவை செதில்களை இழந்த செதிற்புழுக்கள். அந்த ஈரிணைத் தாடைகள் செதிற்புழுக்களுக்கும் உரிய பண்பே.

பேரினப் பெயர் மாறியது. தனிக்குடும்பம் என்ற தகுதியும் போயிற்று. தாடை, ஊசி, புணர்ச்சி உறுப்பு பற்றிய உடற்கூற்று விவரணையோ ஒவ்வொரு மாற்றத்திற்கும் தரவாக நின்றது. விவரணைப் பணியைப் பழமையானதென ஒதுக்கும் போக்கு நம் துறைகளில் வலுத்துவரும் இக்காலத்தில் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். ஆய்வேட்டில் 'இவ்வுறுப்பு இல்லை' என்று எழுதும் மாணவர், அது என்றுமே இல்லாததா, இருந்து இழந்ததா என்னும் வினாவைத் தனியே எழுப்புதல் நன்று. முன்னது நுண்ணோக்கியில் கண்டது. பின்னதற்கு உறவுமுறைச் சான்று வேண்டும்.