பெயரில்லாத பட்டன் பிறந்த கதை

மோட்டரோலா 1990களின் கடைசியில் கொண்டுவந்த சிடிஎம்1250 வண்டி ரேடியோவில் நான்கு பட்டன்களுக்கு நிலையான வேலை கிடையாது. கையேட்டில் பி1, பி2, பி3, பி4 என்று மட்டும் இருக்கும். ஒரு டாக்சியில் பி1ஐ அழுத்தினால் ஸ்கேன் ஓடும், அதாவது சேனல்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்கும். அதே மாடல் தீயணைப்பு வண்டியில் இருந்தால், அதே பட்டன், இடையில் நின்று பேச்சைத் திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரை விலக்கிவிட்டு நேரடியாகப் பேச வைக்கும். வேறொரு வண்டியில் ஹாரனைத் தயார் நிலையில் வைக்கும். எதற்கு என்ன வேலை என்பதை விற்ற கடைக்காரர் கம்ப்யூட்டரில் தீர்மானித்திருப்பார். சட்டென்று தட்டினால் ஒரு வேலை, அழுத்திப் பிடித்தால் இன்னொரு வேலை என்று ஒரே பட்டனுக்கு இரண்டு பொறுப்புகூடக் கொடுக்கலாம்.

கொடுக்கக்கூடிய வேலைகளின் பட்டியலைப் படித்தால் சிரிப்பு வரும். தொல்லை நீக்கம், வெளி அலாரம், ஒட்டிக்கொள்ளும் மானிட்டர்... அறைக்குள் உட்கார்ந்து யோசிக்கிறவர் எவருக்கும் இவை தோன்றியிருக்காது. இவற்றில் பல முதலில் ஒரு கம்பியாகவோ சுவிட்சாகவோ கொக்கியாகவோ ஏதாவதொரு வண்டியில் இருந்தவை. பிறகுதான் பட்டனுக்குள் குடியேறின.

ஆரம்பத்தில் பட்டனுக்கு அவசியமே இல்லை. 1928இல் டெட்ராய்ட் போலீஸ் கார்களில் கேட்க மட்டுமே முடிந்தது. பதில் சொல்ல வேண்டுமென்றால் போலீஸ்காரர் இறங்கிப் போய் டெலிபோனைத் தேட வேண்டும். 1933இல் நியூ ஜெர்சியின் பயோன் நகரப் போலீஸ், வண்டியிலிருந்தே பதில் பேசத் தொடங்கியது. 1940இல் டேனியல் நோபிள் என்ற பேராசிரியர் கனெக்டிகட் மாநிலப் போலீசுக்கு எஃப்எம் முறையில் இருவழி ரேடியோ அமைத்துக் கொடுத்தார். அதே ஆண்டு கால்வின் கம்பெனியில் சேர்ந்தார். பின்னாளில் மோட்டரோலா என்று பெயர் மாறியது அந்தக் கம்பெனிதான். அந்தக் காலத்தில் கனமான பெட்டி டிக்கியில் கிடக்கும். ஓட்டுநருக்கு எட்டும் இடத்தில் இருப்பது இரண்டு திருகு குமிழும் ஒரு மைக்கும். பேசும் அலைவரிசையைத் தீர்மானிப்பது உள்ளே செருகியிருக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டல். அதை மாற்ற வேண்டுமானால் வண்டியைப் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

சிக்கல் தொடங்கியது கூட்டம் சேர்ந்த பிறகு. போருக்குப் பின் டாக்சிக்காரர், சிமென்ட் லாரிக்காரர், பிளம்பர் என்று ஆளாளுக்கு ரேடியோ வாங்கினார்கள். அலைவரிசைகளோ கொஞ்சம். ஒரே சேனலில் பல கம்பெனிகள். நாள் முழுக்க அடுத்தவன் லாரி எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே ஓட்ட யாருக்குப் பொறுமை? 1950களில் இதற்கு ஒரு வழி வந்தது. பேச்சோடு சேர்த்துத் தாழ்ந்த ஒரு முணுமுணுப்பையும் அனுப்புவது. 67 ஹெர்ட்சிலிருந்து 250 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம் வரை. உங்கள் கம்பெனிக்கு ஒதுக்கிய முணுமுணுப்பு வந்தால்தான் உங்கள் ஸ்பீக்கர் திறக்கும். மோட்டரோலா இதற்கு ‘பிரைவேட் லைன்’ என்று பெயர் வைத்தது, ஜெனரல் எலெக்ட்ரிக் ‘சேனல் கார்டு’ என்றது. அந்த ஒலியை அடையாளம் காண உள்ளே ஒரு மெல்லிய உலோக நாக்கு இருந்தது. தனக்குரிய ஒலி வந்தால் அதிரும், இல்லையென்றால் சும்மா இருக்கும்.

பெயர்தான் பிரைவேட், சேனல் பொதுவானதுதான். உங்கள் ஸ்பீக்கர் அமைதியாக இருப்பதால் சேனல் காலி என்று ஆகிவிடாது. அடுத்த கம்பெனிக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் மைக்கை அழுத்தினால் இரண்டு பேச்சும் கெடும். அதனால்தான் பேசுவதற்கு முன் சேனலைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க எஃப்சிசி விதியே இருக்கிறது. அவசரத்தில் மைக்கை எடுக்கும் ஓட்டுநர் அந்த விதியை நினைத்துக்கொண்டா இருப்பார்? விதியை அவர் கையிலேயே கட்டிவிட்டார்கள் பொறியாளர்கள்.

எப்படி என்றால், மைக்கின் முதுகில் ஓர் உலோகக் குமிழ். அதிலிருந்து மைக் வயரோடு சேர்ந்து ஒரு கம்பி ரேடியோவுக்குள் போகும். டேஷ்போர்டில் மைக்கை மாட்டும் கொக்கியும் உலோகம்தான். அது வண்டியின் உடம்போடு, அதாவது எர்த்தோடு, இணைந்திருக்கும். மைக் கொக்கியில் தொங்கும்வரை அந்தக் கம்பி எர்த் ஆகியிருக்கும், பிரைவேட் லைன் வேலை செய்யும். மைக்கைக் கையில் எடுத்த நொடி தொடர்பு அறுந்து வடிகட்டல் நின்றுபோகும். சேனலில் யார் பேசினாலும் காதில் விழும். ஓட்டுநர் தனியாக எதையும் செய்ய வேண்டியதில்லை. மைக்கை எடுக்காமல் பேச முடியாது, எடுத்தால் கேட்காமல் இருக்க முடியாது. இந்தத் துறையில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஒன்றை நான் வேறு பார்த்ததில்லை.

இதனால் வந்த தலைவலியும் உண்டு. கொக்கியை பிளாஸ்டிக்கில் திருகிவிட்டு எர்த் கம்பி கொடுக்க மறந்துவிடுவார்கள். மைக் எப்போதும் கையில் இருப்பதாகவே ரேடியோ நினைத்துக்கொள்ளும், ஊர்ப் பேச்செல்லாம் கொட்டும். ரேடியோ கெட்டுவிட்டது என்று கழற்றி எடுத்துவருவார்கள். பட்டறை மேசையில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது.

கையில் பிடிக்கும் ரேடியோவுக்குக் கொக்கி ஏது? அதில் அந்த வேலையைப் பக்கவாட்டில் இருக்கும் ஒரு பட்டன் ஏற்றுக்கொண்டது. அதுதான் மானிட்டர். நீண்ட நேரம் கேட்க வேண்டியவருக்கு விரல் வலிக்கும் என்பதால், ஒருமுறை அழுத்தினால் திறந்தபடியே நிற்கும் வகையும் வந்தது. பட்டியலில் ஒட்டிக்கொள்ளும் மானிட்டர் என்று இருப்பது இதுவே.

ரிப்பீட்டரை விலக்கும் பட்டனுக்குப் பின்னாலும் ஒரு நிலைமை உண்டு. உயரமான இடத்தில் இருக்கும் ரிப்பீட்டர் ஓர் அலைவரிசையில் கேட்டு வேறொன்றில் திருப்பிச் சொல்லும். அமெரிக்காவின் 450 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இந்த இரண்டுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். வண்டி 451இல் கேட்கும், 456இல் பேசும். தொலைதூரத்துக்கு இது அருமை. ஆனால் நிலவறைத் தீயை அணைக்கப் போன இருவர் பத்தடி தள்ளி நிற்கிறார்கள், ரிப்பீட்டருக்கு அவர்கள் குரல் எட்டவில்லை என்று வையுங்கள். இருவரும் 451இல் கேட்டுக்கொண்டு 456இல் பேசுவதால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு விழாது. கேட்கும் அலைவரிசையிலேயே பேசவும் செய்தால் தீர்ந்தது. கிரிஸ்டல் காலத்தில் இதற்கு ஒவ்வொரு சேனலுக்கும் கூடுதலாக ஒரு கிரிஸ்டலுக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. அலைவரிசையை மின்னணுச் சுற்றே உருவாக்கிக்கொள்ளும் ரேடியோக்கள் வந்தபின் அது செலவில்லாத வேலையாகி ஒரு பட்டனில் அடங்கிவிட்டது.

ஹாரன் கதை இதைவிட வேடிக்கை. செல்போன் இல்லாத காலம். மின்வாரிய லைன்மேன் கம்பத்தில் இருப்பார், ரேடியோ கீழே லாரியில். அவரை எப்படிக் கூப்பிடுவது? அவருடைய வண்டிக்கு மட்டும் உரிய ஒலிக்குறியை அனுப்பினால் ரேடியோ ஒரு ரிலேயை இழுக்கும். ரிலே லாரியின் ஹாரனை அடிக்கும், அல்லது முன்விளக்கை ஏற்றும். வண்டியை விட்டு இறங்கும்போது இதைத் தயார் செய்துவிட்டுப் போக ஒரு பட்டன். பட்டியலில் வெளி அலாரம் என்று இருப்பது இதுதான், கென்வுட் ரேடியோக்களில் ‘ஹாரன் அலர்ட்’ என்று இதற்குப் பெயர். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அணைக்க மறந்தால் நள்ளிரவில் தெருவே எழுந்துவிடும்.

இந்த வேலைகளெல்லாம் கம்பியை விட்டுவிட்டு நினைவகத்துக்கு மாறிய இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், மோட்டரோலாவின் சின்டார் ரேடியோவைக் காட்டுவேன். அலைவரிசை, முணுமுணுப்பு எல்லாம் எண்களாக ஒரு சில்லில் எழுதப்பட்டன. அந்தச் சில்லு இருந்த சிறு செருகுக்கு ‘கோட்பிளக்’ என்று பெயர். பின்னால் வந்த மேக்ஸ்ட்ராக் ரேடியோவில் செருகு கிடையாது, நினைவகம் பலகையிலேயே இருந்தது. மைக்கைக் கழற்றிவிட்டு அதே துளையில் கேபிளை மாட்டிக் கம்ப்யூட்டரிலிருந்து எழுதினார்கள். இன்றைக்கும் டெக்னீஷியன்கள் அந்தத் தகவல் தொகுப்பைக் கோட்பிளக் என்றுதான் சொல்கிறார்கள்.

நினைவகத்தில் எழுதிவிட்டால் எந்த வேலையையும் எந்தப் பட்டனிலும் போடலாம். கம்பெனிக்கு இதில் நல்ல லாபம். டாக்சிக்கும் போலீசுக்கும் தனித்தனி முகப்பு செய்ய வேண்டாம். பெயரெழுதாத பட்டன்களோடு ஒரே பெட்டியை எல்லோருக்கும் விற்கலாம். பெயரில்லாத பட்டன் பிறந்தது இந்தக் கணக்கில்தான்.

அதற்குப் பிறகு வேலைகள் பெருகின. ஸ்கேன் ஓடும்போது ஒரு சேனல் இரைச்சலில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தால், அதைத் தற்காலிகமாகத் தள்ளிவைப்பது தொல்லை நீக்கம். ரேடியோவை அணைத்துப் போட்டால் அந்தச் சேனல் திரும்பி வந்துவிடும். கென்வுடில் ஆக்ஸ் என்று ஒன்று உண்டு. அழுத்தினால் திரையில் ஒரு குறி தோன்றும், பின்பக்கக் கம்பி ஒன்றில் மின்னழுத்தம் மாறும். அவ்வளவுதான். அந்தக் கம்பியில் எதை மாட்டுவது என்பது உங்கள் பாடு, ரேடியோவுக்குக் கவலையில்லை. மற்ற பட்டன்களில் பல கம்பியாகப் பிறந்து நினைவகத்துக்கு வந்தன, இது மட்டும் நினைவகத்திலிருந்து கம்பிக்குத் திரும்பிப் போகிறது.

அவசரப் பட்டனைத் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டிகளில் அது பெரும்பாலும் கண்ணில் படாத இடத்தில் இருக்கும், சிலவற்றில் காலால் மிதிக்கும் சுவிட்சாக. அழுத்தினால் வண்டியின் அடையாள எண்ணோடு அபாயக் குறி கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். மைக்கைத் தானே திறந்துவிடும்படியும் அமைக்கலாம். மோட்டரோலா ஸ்பெக்ட்ராவில் இந்தச் சுவிட்ச் சாதாரண நேரத்தில் மூடிய நிலையில் இருக்கும். அழுத்துவது இணைப்பை அறுப்பது. யாராவது கம்பியை வெட்டினாலும் அதே விளைவுதான். இது தெரியாமல் பழைய ஸ்பெக்ட்ராவை, இந்த இணைப்பைத் தரும் பின்பக்கச் செருகு இல்லாமல் வாங்கியவர்கள், பவர் கொடுத்தவுடன் தானே உயிர்பெற்று அணைக்க முடியாமல் நிற்கும் ரேடியோவைப் பார்த்துத் திகைத்துப் போவார்கள்.

எனக்குக் கோபம் வருவது ஓர் இடத்தில்தான். பட்டன் உங்களுடையது, ரேடியோ உங்களுடையது. அதன் வேலையை மாற்றும் மென்பொருள் மட்டும் உங்களுடையதில்லை. மோட்டரோலாவின் ஆர்எஸ்எஸ் மென்பொருள் உரிமத்தின் பேரில்தான் கிடைத்தது. கம்ப்யூட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டியும் வேண்டும். டாஸில் ஓடும் அந்த மென்பொருள் 386 போன்ற மெதுவான கம்ப்யூட்டரின் வேகத்தை நம்பி எழுதப்பட்டது. வேகமான இயந்திரத்தில் ஓட்டினால் எழுத்து நடுவில் குழறி ரேடியோவே படுத்துவிடும். ஒரு பட்டனை மாற்றக் கடைக்குப் போய்க் காசு கொடுத்தவர்கள் எத்தனை பேரோ! தயாரிப்பை நிறுத்திய மாடல்களுக்காவது மென்பொருளைத் திறந்து கொடுத்திருக்கலாம்.

2013 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் இத்தகைய வண்டி ரேடியோக்கள் பேசும் பல பட்டைகளில் 25 கிலோஹெர்ட்ஸ் அகலச் சேனல்கள் 12.5 ஆகக் குறுக வேண்டும் என்று விதி வந்தது. குறுக முடியாத பழைய ரேடியோக்கள் டாக்சிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் கழன்று, பொழுதுபோக்காக ரேடியோ இயக்கும் ஹாம்காரர்களின் மேசைக்கு வந்தன. முந்தைய முதலாளி வைத்த வேலைகள் பட்டன்களில் அப்படியே இருக்க, எது எதற்கென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நம் ஊர் ஹாம் நண்பர்கள் கைக்கும் இப்படியொன்று வரக்கூடும். உரிமம் இல்லாமல் இந்தியாவில் இதை வைத்திருக்கவே கூடாது என்பது நினைவிருக்கட்டும். உரிமம் இருந்தாலும், ஆன்டெனாவை மாட்டிப் பட்டன்களைத் தட்டிப் பார்க்கும் முன், கோட்பிளக்கைப் படித்து ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள். எழுதுவது அதற்குப் பிறகு.