குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்: மருந்து நடந்து வந்த வழி

மருத்துவ வரலாறு என்றவுடன் மருந்து கண்டவர்களின் பெயர்களும் கண்ட ஆண்டுகளுமே நம் நினைவில் எழும். அம்மருந்து எந்நாட்டுக் குழந்தைக்கு எப்பொழுது கிடைத்தது என்னும் வினாவைப் பாடநூல்கள் அரிதாகவே எழுப்புகின்றன. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், மருந்தை அவற்றுள் ஒன்றாகவே வைத்தார். அவ்வகுப்பு எத்துணைப் பொருத்தமானது என்பதைக் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் வரலாறு காட்டுகின்றது.

இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளையணுக்கள் கட்டின்றிப் பெருகுவதே இந்நோய். குழந்தை வெளிறும், காய்ச்சல் விடாது, சிறு காயத்திலும் குருதி நில்லாது. 1940களின் நடுப்பகுதிவரை இதற்கு மருந்தே இல்லை. 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் அமினோப்டெரின் என்ற மருந்தை நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தினார். 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. சில மாதங்களில் அது மீண்டும் தலைதூக்கிற்று எனினும், அடைத்திருந்த கதவு திறந்தது. அம்மருந்தை உருவாக்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்றவர் அவர். பார்பரின் கட்டுரை வெளிவந்த 1948ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார்.

ஒரு மருந்து தோற்ற இடத்தில் பல மருந்துகள் சேர்ந்து வென்றன. நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டீன் அவற்றுள் ஒன்று. 1962இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் புனித யூதா மருத்துவமனை திறக்கப்பட்டது. நிறவேற்றுமை தலைவிரித்தாடிய தென்மாநிலம் அது. அங்குக் கறுப்பினக் குழந்தையையும் வெள்ளையினக் குழந்தையையும் ஒரே கூரையின்கீழ் ஏற்றனர். அம்மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல் குழுவினர் 1960களின் இறுதியில் வகுத்த சிகிச்சையால் குழந்தைகளுள் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைத்தனர்.

ஆனால், அதே சிகிச்சை இந்தியாவிற்கு வந்தபோது அதே பயனைத் தரவில்லை. 1970களின் இறுதியில் மேலைநாட்டு முறைகளைப் பின்பற்றியும் அங்கு மிகச் சிலரே பிழைத்தனர். காரணம் யாது? குழந்தைகள் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வந்தனர். பலர் ஊட்டமின்றி மெலிந்திருந்தனர். கடுமையான மருந்து புற்றணுக்களை அழித்தது. நோய் எதிர்ப்பாற்றலையும் உடன் அழித்தது. தொற்று உயிரைக் கொண்டது. இரண்டாண்டுக்கு மேல் நீளும் சிகிச்சையைத் தொலைவிலிருந்து வந்த ஏழைப் பெற்றோர் இடையிலேயே கைவிட்டனர்.

இந்நிலையைக் கண்டு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் அயன் மெக்ராத்தும் இந்திய மருத்துவர்களும் 1984இல் எம்.சி.பி.841 என்னும் மிதமான சிகிச்சை முறையை வகுத்தனர். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், டாக்டர் சாந்தாவின் வழிகாட்டலில் இதில் பங்கேற்றது. பம்பாயின் டாட்டா மருத்துவமனையும் புதுடில்லியின் அகில இந்திய மருத்துவக் கழகமும் உடன் நின்றன. 25 வயதுக்குட்பட்ட 1,048 பேர் இம்முறையில் சிகிச்சை பெற்றனர். நான்காண்டுக்குப் பின்னும் நோய் திரும்பாது வாழ்ந்தோர் மூன்று நிலையங்களிலும் 41 முதல் 60 விழுக்காடு வரை இருந்தனர். மருந்தை மண்ணுக்கேற்ப அளந்ததன் பயன் இது.

நம் வட்டாரமும் இவ்வழியில் ஓர் அடி முன்வைத்தது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் முன்னின்று நடத்திய ஆய்வு 2002 முதல் 2011 வரை 556 குழந்தைகளை ஏற்றது. சிகிச்சை தொடங்கிய பின் உடலில் எஞ்சிய புற்றணுக்களை நுட்பமாக எண்ணினர், குறைவாக இருந்தோர்க்கு மருந்தைக் குறைத்தனர், மிகுந்திருந்தோர்க்குக் கூட்டினர். ஆறாண்டுக்குப் பின் 80.6 விழுக்காட்டினர் நோய் மீளாது நலமுடன் இருந்தனர். குறைத்துக் கொடுத்தும் காக்கலாம் என்பதை உலகம் இவ்வாய்வில் கண்டது.

இன்றைய விவாதம் வேறொரு மருந்தைப் பற்றியது. பிளினாடுமோமாப் என்னும் அம்மருந்தை வழக்கமான சிகிச்சையுடன் சேர்த்தபோது, மூன்றாண்டுக்குப் பின் நோயின்றி வாழ்ந்தோர் 87.9 விழுக்காட்டிலிருந்து 96 விழுக்காடாக உயர்ந்தனர் என 2024இல் வெளிவந்த ஆய்வு கூறிற்று. இம்மருந்து மஜ்ஜையை அவ்வளவாக நலிவுறச் செய்யாமையால், தொற்றால் குழந்தைகளை இழக்கும் ஏழை நாடுகளுக்கே இது முதலில் தேவை என்கின்றனர் ஒரு சாரார். இதன் விலை மிகப் பெரிது. 28 நாள் இடையறாது கருவிவழி செலுத்தவும் வேண்டும். பழைய மருந்துகளே தட்டுப்படும் நாட்டில் அவற்றை முதலில் தடையின்றிக் கொடுங்கள் என்கின்றனர் மறு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு.

புற்றுநோயுற்ற குழந்தைகளுள் செல்வ நாடுகளில் 80 விழுக்காட்டினர்க்கு மேல் குணமடைகின்றனர். பல வறிய நாடுகளில் 30 விழுக்காட்டினரும் குணமடைவதில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2030க்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டினரையேனும் காப்பதென 2018இல் அது இலக்கு வகுத்தது. இந்த இடைவெளி நிரம்ப மருந்துடன் ஊர்திச் செலவும், தங்க இடமும், ஊட்ட உணவும், அருகிருந்து பேணும் தாயின் கூலியிழப்புக்கு ஈடும் வேண்டும். வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் சுப்பாராவைக் கூறும்போது சாந்தாவையும் கூறுவார்களாக. மருந்து கண்டவரோடு, அதைக் குழந்தையின் கட்டில்வரை கொண்டு சேர்த்தவரும் வரலாற்றுக்குரியவரே.